எஸ்.யு.வி. வாங்கப் போகிறீர்களா? எந்த ரகம் என்பதில் உங்கள் பேச்சும் இருக்கட்டும்!

புடவைக் கடையில் நம்மை அவ்வளவு சுலபமாக ஏமாற்றிவிட முடியாது. ஒரே பட்டு, ஒரே நெசவு. கரையில் மட்டும் இரண்டு விரற்கடை ஜரிகை அதிகம். அதற்காக மூவாயிரம் ரூபாய் கூடுதல் என்றால், "ஜரிகைக்கு மட்டும் அவ்வளவா?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்போம். அதே நாம் கார் ஷோரூமுக்குப் போனால் மட்டும், "அதெல்லாம் அவர் பார்த்துப்பார்" என்று சோபாவில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, கடைசியில் கலர் மட்டும் சொல்கிறோம். இது நியாயமா, சொல்லுங்கள்!

இன்று பல வீடுகளில் குழந்தையைப் பள்ளியில் விடுவதும், மாமியாரை டாக்டரிடம் அழைத்துப் போவதும், தானே ஓட்டி ஆபீஸ் போவதும் பெண்கள்தான். ஆகவே எந்தக் கார் என்பதைப் போலவே, அதில் எந்த ரகம் என்பதிலும் நாம் வாய் திறந்தாக வேண்டும். பணம் மட்டுமல்ல, உயிரும் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

ஒரு கார், ஏழு ரகம்

கார்க் கம்பெனிகள் ஒரே வண்டியைப் பல படிகளாகப் பிரித்து விற்கின்றன. இதை 'வேரியண்ட்' என்பார்கள். அடியில் இருப்பது 'பேஸ் மாடல்'. உச்சியில் இருப்பது 'டாப் மாடல்'. வெளிக்கூடு ஒன்றுதான். உள்ளே வைத்திருக்கும் வசதிகளும், சில சமயம் எஞ்சினும் கியரும்தான் மாறும்.

நடுத்தர எஸ்.யு.வி.க்களில் நமக்குப் பக்கத்திலேயே, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டாவை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 2024 ஜனவரியில் அது புது உருவில் வந்தபோது இ, இஎக்ஸ், எஸ், எஸ்(ஓ), எஸ்எக்ஸ், எஸ்எக்ஸ் டெக், எஸ்எக்ஸ்(ஓ) என்று ஏழு ரகங்கள்! விலை சுமார் 11 லட்சத்தில் தொடங்கி 20 லட்சம் வரை போயிற்று. அதாவது ஒரே பெயருள்ள காருக்குள் 9 லட்சம் வித்தியாசம். செல்டோஸ், எலிவேட், கிராண்ட் விட்டாரா என்று எதைப் பார்த்தாலும் இதே மாதிரி படிக்கட்டுதான்.

ஒவ்வொரு படிக்கும் ஐம்பதாயிரம், லட்சம் என்று ஏறும். "இன்னும் கொஞ்சம்தானே மேடம்" என்பார் விற்பனைக்காரர். அந்தக் 'கொஞ்சம்' நாலு தடவை சேர்ந்தால் ஒரு பெண்ணின் கல்லூரிப் படிப்புச் செலவு!

ஒரே ஒரு கேள்வி போதும்

விளம்பரத் தாளில் இருக்கும் ஐம்பது வசதிகளையும் பார்த்து மலைக்க வேண்டாம். ஒவ்வொன்றையும் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'இதைப் பிறகு சேர்த்துக்கொள்ள முடியுமா?'

முடியும் என்றால் இப்போது விட்டுவிடலாம். பாட்டுப் பெட்டி, ரிவர்ஸ் காமிரா, தரை விரிப்பு, அலாய் சக்கரம், ஸீட் உறை இவையெல்லாம் அந்த வகை. ஆறு மாதம் கழித்துப் போனஸ் வந்ததும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் மின்சார ஒயரை வெட்டி ஒட்டும் வேலையைத் தெருமுனைக் கடையில் செய்யாதீர்கள். வாரண்டிக்கும் கேடு, தீப்பிடிக்கவும் இடமுண்டு.

முடியாது என்றால் இப்போதே வாங்க வேண்டும். ஏர்-பேக், வண்டி வழுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாகப் பிரேக் கொடுத்து நேராக்கும் ஈ.எஸ்.ஸி., நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், ஆட்டோமாடிக் கியர், பின் ஸீட்டில் குழந்தை இருக்கையை மாட்டும் ஐஸோஃபிக்ஸ் கொக்கி, பின் ஸீட்டின் நடுவில் உட்காருபவருக்கும் தோள் வழியாக வரும் பெல்ட். இவற்றை எந்த மெக்கானிக்காலும் பின்னால் ஒழுங்காகப் பொருத்திக் கொடுக்க முடியாது.

"சட்டம்தான் எல்லாவற்றையும் கட்டாயமாக்கிவிட்டதே?" என்று கேட்கிறீர்களா? பாதிதான் உண்மை. ஏ.பி.எஸ். பிரேக் 2019 முதல் எல்லாக் கார்களிலும் கட்டாயம். முன்பக்கம் இரண்டு ஏர்-பேக்குகள் 2021 முடிவிலிருந்து கட்டாயம். ஆறு ஏர்-பேக் என்ற யோசனை வந்தது. ஆனால் கட்டாயமாக்கப் போவதில்லை என்று 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சர் சொல்லிவிட்டார். முன்னே சொன்ன கிரெட்டாவில் அந்த 2024 ஆண்டு முதல் அடி ரகத்திலேயே ஆறு ஏர்-பேக்கும் ஈ.எஸ்.ஸி.யும் உண்டு. எல்லாக் காரிலும் அப்படித்தான் என்று நினைத்துவிடாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

2023 அக்டோபர் முதல் 'பாரத் என்.கேப்' என்ற மோதல் சோதனை நம் நாட்டிலேயே நடக்கிறது. ஐந்து நட்சத்திரம் என்று விளம்பரம் கண்ணில் பட்டால், சோதித்தது எந்த ரகம், உங்கள் ரகத்துக்கும் அது பொருந்துமா என்று கேளுங்கள்.

நம் உயரத்துக்கு வண்டி சரிப்படுமா?

இதுதான் ஷோரூமில் யாரும் நமக்குச் சொல்லாத விஷயம். ஓட்டுகிறவரின் நெஞ்செலும்புக்கும் ஸ்டியரிங்கின் நடுவுக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர், அதாவது பத்து அங்குலம் இடைவெளி வேண்டும். ஏர்-பேக் விரியும் வேகம் அப்படி. ஐந்தடி, ஐந்தேகாலடி உயரமுள்ள பெண் பெடல் எட்டவில்லை என்று ஸீட்டை முன்னால் தள்ளினால் இந்த இடைவெளி குறைந்துவிடும்.

இதற்குப் பரிகாரம் இரண்டு. ஸீட்டை மேலே தூக்கும் வசதி ஒன்று. ஸ்டியரிங்கை மேலும் கீழும் மட்டுமன்றி, முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி மற்றொன்று. பல கார்களில் இவை அடி ரகத்தில் இருப்பதில்லை. பல வீடுகளில் ஷோரூமில் ஓட்டுநர் ஸீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர் வீட்டுக்காரர். தினமும் ஓட்டப் போவது மனைவி! அங்கே நடக்க வேண்டிய பேச்சு இப்படி இருக்க வேண்டும்:

"என்னங்க, இதிலே ஸீட்டை உயர்த்த முடியலையே! பானெட்டே எனக்குத் தெரியலை."

"அதுக்கு அடுத்த வேரியண்ட் எடுக்கணுமாம். எழுபதாயிரம் ஜாஸ்தி."

"சரி, அதை எடுத்துக்கலாம். அதுக்கும் மேலே சன்ரூஃப் வேணும்னு சொன்னீங்களே, அது வேண்டாம்."

முழங்கால் வலி, இடுப்பு வலி உள்ளவர்கள் நகர நெரிசலில் தினமும் கிளட்ச் மிதிக்கிறார்களென்றால், ஆட்டோமாடிக் கியருக்காக ஒரு படி ஏறுவதில் தவறில்லை. அது ஆடம்பரம் அல்ல.

கர்ப்பிணிகள் பெல்ட் போடக்கூடாது என்பது தப்பான எண்ணம். அடிப்பட்டை வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். தோள்பட்டை மார்பின் நடுவே வர வேண்டும். தோள் பெல்ட்டின் உயரத்தை மாற்றும் வசதி எந்த ரகத்திலிருந்து உண்டு என்று கேட்டு வையுங்கள்.

பெரியவர்களும் குழந்தைகளும்

மாமனார், மாமியாரை ஷோரூமுக்கே அழைத்துப் போங்கள். பின் ஸீட்டில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். பின்னால் ஏ.ஸி. காற்று வரும் துளை இருக்கிறதா? நம் ஊர் மே மாதத்தில் அது இல்லாவிட்டால் பின்னால் இருப்பவர்கள் வெந்துவிடுவார்கள்.

பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் பயணம் செய்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி 1,000 ரூபாய் அபராதம். அபராதம் கிடக்கட்டும், மடியில் வைத்த குழந்தையை மோதலின்போது எந்தத் தாயாலும் பிடித்து வைக்க முடியாது. சன்ரூஃபுக்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல குழந்தை இருக்கையே வாங்கிவிடலாம்.

ஆடம்பரமா, அவசியமா?

சன்ரூஃப்: குழந்தைகளுக்குக் குஷிதான். ஆனால் ஓடும் வண்டியில் தலையை வெளியே நீட்டுவது உயிருக்கு ஆபத்து. சென்னை வெயிலில் பெரும்பாலும் திரையை மூடியே வைத்திருப்பீர்கள்.

பெரிய சக்கரம்: அடி ரகங்களில் 16 அங்குலம் என்றால் மேல் ரகங்களில் 17, 18. பார்க்க எடுப்பு. ஆனால் டயர் மாற்றும்போது விலை அதிகம். பள்ளம் மேட்டில் குலுக்கலும் சற்றுக் கூடும்.

காற்று வரும் ஸீட்: வியர்வைக்கு இதம். தினமும் ஒரு மணிக்கு மேல் ஓட்டுகிறவருக்கு உபயோகம்.

தானே பிரேக் போடும் ரேடார், காமிரா வசதிகள்: நெடுஞ்சாலையில் அடிக்கடி வெளியூர் போகும் குடும்பத்துக்கு நல்ல துணை. ஊருக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு இதற்காக மட்டும் உச்சி ரகத்துக்கு ஏற வேண்டியதில்லை.

நோட்டுப் புத்தகத்தை எடுங்கள்

இரண்டு ரகங்களுக்கிடையே 1,50,000 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றியமைத்த சாலை வரிப்படி, 10 முதல் 20 லட்சம் வரையுள்ள காருக்கு 18 சதவீதம். ஆகவே வரி 27,000. ஆக 1,77,000. இதை 9 சதவீத வட்டியில் 5 வருடக் கடனாக வாங்கினால் மாதம் சுமார் 3,675 ரூபாய். மொத்தம் சுமார் 2,20,500. இன்ஷூரன்ஸில் நம் வண்டிச் சேதத்துக்கான பகுதியும் விலையோடு சேர்ந்து ஏறும். 'ஒன்றரை லட்சம்தான்' என்றது இப்படி இரண்டே கால் லட்சத்தைத் தொடுகிறது!

20 லட்சம் என்ற கோட்டைக் கவனியுங்கள். அதைத் தாண்டினால் வரி 20 சதவீதம். 19,90,000 ரூபாய்க் காருக்கு வரி 3,58,200. விலை 20,10,000 ஆனால் வரி 4,02,000. விலையில் 20,000 கூட்டினால் வரியில் 43,800 கூடுகிறது.

2025 செப்டம்பர் 22 முதல் 1500 ஸி.ஸி.க்கு உட்பட்ட இந்த வகைக் கார்களுக்கு மொத்த வரி 45 சதவீதத்திலிருந்து 40 ஆகக் குறைந்திருக்கிறது. ஆகவே பழைய விலைப் பட்டியலை நம்பாதீர்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 1 சதவீதம் தனியாக வசூலிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம். கார் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்கில் வரும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

* ஆன்-ரோடு விலையை இனம் இனமாக எழுதி வாங்குங்கள். ஷோரூம் தரும் துணைப்பொருள் தொகுப்பும், அவர்கள் சொல்லும் இன்ஷூரன்ஸும் கட்டாயமல்ல.

* ஓட்டிப் பார்க்கத் தருவது பெரும்பாலும் டாப் மாடல். நீங்கள் வாங்கப் போகும் ரகத்தையே காட்டச் சொல்லுங்கள்.

* முன் ஸீட்டின் பக்கவாட்டில் ஏர்-பேக் இருந்தால் சாதாரண உறை போடாதீர்கள். அது விரிவதைத் தடுக்கும். பக்கவாட்டில் அதற்கென்று தைத்த உறை கிடைக்கிறது.

* முன்னால் இரும்புக் கம்பி மாட்ட வேண்டாம். 2017 டிசம்பரிலேயே தடை செய்துவிட்டார்கள். ஏர்-பேக் சரியான நேரத்தில் விரியாமலும் போகலாம்.

பொதுவாக நடு ரகங்களில் ஒன்றுதான் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பொருந்தும். ஆனால் அடி ரகத்திலேயே பாதுகாப்பு முழுவதும் இருந்து, ஸீட்டும் ஸ்டியரிங்கும் உங்களுக்குச் சரிப்பட்டால், "பேஸ் மாடலா?" என்று அக்கம்பக்கத்தார் கேட்பார்களே என்று கூச்சப்படாதீர்கள். தவணை கட்டப் போவது அவர்களல்ல. மிச்சமாகும் பணத்தைப் பிள்ளைகள் பெயரில் போட்டு வைத்துவிட்டு, பெல்ட்டை மாட்டிக்கொண்டு நிம்மதியாக வண்டியை எடுங்கள்!