மரநிழலில் ஹோஸ்டாவும் அதன் தோழிகளும்

வீட்டுக்குப் பின்னால் ஒரே நிழல், அங்கே என்ன வளரப் போகிறது என்று சும்மா விட்டுவிடுகிறவரா நீங்கள்? அமெரிக்காவில், நியூஜெர்சி பக்கம் வீடு வாங்குகிற நம்மவர்கள் பலருக்கும் இந்தக் குறை உண்டு. கொல்லையில் பெரிய மேப்பிள் மரம் நிற்கும். மே மாதம் இலை விட்டதென்றால் அக்டோபர் வரை அதன் அடியில் வெயில் விழாது. ரோஜா வராது. வெண்டை, கத்திரி வராது. புல்கூட வந்தேனா பார் என்று முரண்டு பிடிக்கும். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். அப்படிப்பட்ட இடத்துக்கென்றே பிறந்த செடி ஒன்று உண்டு. அதுதான் ஹோஸ்டா.

வெற்றிலையை நாலு மடங்கு பெரிதாக்கி, நரம்புகளை நன்றாக அழுத்தி வரைந்து, தரையிலிருந்து கொத்தாக எழுப்பிவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான் ஹோஸ்டா. பச்சை, இளமஞ்சள், வெள்ளைக் கரை போட்டது என்று புடவைக் கடை மாதிரி ரகங்கள். நீல இலை ரகமும் உண்டு. அது உண்மையில் நீலம் இல்லை. முட்டைக்கோஸ் இலைமேல் சாம்பல் பூத்தாற்போல் ஒரு மெழுகு படிந்திருக்குமே, அதே சமாசாரம்தான். விரலால் தேய்த்தால் போய்விடும்.

இதன் தாய்வீடு ஜப்பான், கொரியா, சீனா. குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து மண்ணுக்குள் தூங்கிவிட்டு, வசந்தத்தில் மறுபடி முளைக்கும். அந்தக் குளிர்த் தூக்கம் இல்லாவிட்டால் செடி வருஷத்துக்கு வருஷம் நலிந்துபோகும். "ஒரு கிழங்கு கொடும்மா, ஊருக்குக் கொண்டுபோய் வைக்கிறேன்" என்று ஆசைப்பட்ட என் மாமியாரிடம் இதைச் சொல்லித்தான் சமாதானப்படுத்தினேன்.

செடி கொடுத்தவர் எதிர்வீட்டுப் பாட்டி. மஞ்சள் கிழங்கைப் பிரிப்பது போல, வசந்தத்தில் முளை தலைகாட்டும்போதே தன் பழைய கொத்தைக் கத்தியால் பிரித்து எட்டுத் துண்டுகள் கொடுத்தார். மேப்பிளின் வேர் மேலாகவே ஓடும். அதனால் அகலக் குழி வெட்டாமல், வேருக்கு வேர் நடுவே சின்னக் கரண்டியால் இடம் பண்ணி, மக்கிய எரு போட்டு நட்டேன். மண்ணை மேடாகக் கொட்டி மரத்தின் வேரை மூடக்கூடாது. அது மரத்துக்கே ஆகாது. மழை இல்லாத வாரங்களில் தண்ணீர் தாராளமாக விட வேண்டும். நிழல்தானே, ஈரம் இருக்கும் என்று நினைக்காதீர்கள். மரமே முக்கால்வாசி உறிஞ்சிவிடும்.

நடுத்தர ரகம் என்றால் செடிக்குச் செடி இரண்டு, மூன்று அடி இடைவெளி வேண்டும். முழு வளர்ச்சிக்கு நாலைந்து வருஷம் பிடிக்கும். ஆகவே முதல் இரண்டு வருஷம் தோட்டம் மொட்டையாகத்தான் தெரியும். வெற்றிடத்தில் களை வரும், மண் காயும். அதற்காக நெருக்கி நட்டால் பின்னால் பிடுங்கி மாற்ற வேண்டியிருக்கும். துணைச் செடிகள் வேண்டியிருப்பது இங்கேதான். அப்போது என் மகனுக்கு ஒன்றரை வயது. கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குள்! அதனால் எது அழகு என்பதைவிட எது ஆபத்தில்லை என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருந்தது.

ஹோஸ்டாவைப் பற்றிக் கவலை இல்லை. ஜப்பானில் சில வகைகளின் இளங்குருத்தை 'உருயி' என்ற பெயரில் சமைத்தே சாப்பிடுகிறார்கள். ஆனால் நாய், பூனை வளர்க்கிறவர்கள் ஜாக்கிரதை. பூந்திக்கொட்டையில் நுரை வரவைக்கும் சபோனின் என்ற பொருள் இதிலும் இருப்பதால் அவற்றுக்கு வாந்தி, பேதி வரும்.

துணைக்கு என்று பாட்டி கூடவே கொடுத்தது 'லில்லி ஆஃப் தி வேலி'. முத்து முத்தாக வெள்ளை மணிப்பூ. வாசனையோ அபாரம்! இங்கே நிழல் தோட்டம் போடுகிறவர்கள் பலரும் இதைத்தான் ஹோஸ்டாவோடு வைக்கிறார்கள். ஆனால் இதன் இலை, பூ, சிவப்புப் பழம் எல்லாமே விஷம். பூ வைத்த ஜாடித் தண்ணீர்கூட விஷம். நம் ஊர் அரளியைப் போலவே இதயத் துடிப்பைக் குலைக்கும் இனம். "அரளிக்கு அண்ணன்னா சொல்றே? அதைக் குழந்தை இருக்கிற வீட்ல வைப்பாங்களா?" என்றார் மாமியார். நம் ஊரில் அரளி இல்லாத தெரு உண்டா என்று நான் கேட்கவில்லை, மாமியார் ஆயிற்றே! அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பூவில்லாத நாளில் இதன் இலையும் சின்ன ஹோஸ்டா இலையும் ஏறக்குறைய ஒன்றுபோல்தான். குழந்தை எங்கே வித்தியாசம் கண்டுபிடிக்கும்?

பாட்டியிடம் தயங்கித் தயங்கித்தான் திருப்பிக் கொடுத்தேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. "என் வீட்டில் இப்போது குழந்தைகள் கிடையாது, அதான் நினைவில்லை" என்று சிரித்துவிட்டு, பதிலுக்கு ஒரு கூடை பெரணி கொடுத்தார்.

டிஜிடாலிஸ், ஹெலிபோர் இரண்டையும்கூட ஒதுக்கினேன். டஃபோடில் கிழங்கு பார்வைக்கு வெங்காயம் மாதிரியே இருக்கும், தின்றால் வாந்திதான். பையன் பள்ளிக்கூடம் போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். வண்ண இலைக்காக விற்கும் கலேடியம் நம் சேப்பங்கிழங்கின் உறவு. பச்சையாகக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கிவிடும். அதுவும் வேண்டாம்.

பின்னே எதைத்தான் வைத்தாய் என்கிறீர்களா? பாட்டி கொடுத்த கிறிஸ்துமஸ் பெரணி இந்தப் பகுதிக் காட்டிலேயே வளர்வது, பனிக்காலத்திலும் பச்சை மாறாது. அகன்ற ஹோஸ்டா இலைக்குப் பக்கத்தில் சீப்புப் பல் போன்ற இதன் இலை தனி எடுப்பு. முன்வரிசைக்கு ஹ்யூக்கரா, செம்பு நிற இலை, குட்டையாகவே இருக்கும். அஸ்டில்பிக்கு ஈரம் குறைந்தால் இலை ஓரம் கருகும். அதை மரத்தடியில் வைக்காமல், கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயோரம் வைத்தேன். மீதி வெற்றிடத்துக்கெல்லாம் நம் காசித்தும்பையின் ஒன்றுவிட்ட தங்கை இம்பேஷன்ஸ்! ஒரு பருவத்துச் செடி. பனி விழுந்ததும் போய்விடும். ஹோஸ்டா பெரிதாகப் பெரிதாக அதைக் குறைத்துக்கொண்டே வரலாம். எதுவானாலும் "இலை வாய்க்குப் போகக்கூடாது" என்று குழந்தைக்குச் சொல்லிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

இலையில் ஓட்டை விழுந்தால் ஓடில்லாத நத்தையின் வேலை. ராத்திரியில் வந்து தின்னும். கடையில் விற்கும் மருந்துக் குருணையில் மெட்டால்டிஹைடு இருந்தால் தொடாதீர்கள். குழந்தைக்கும் நாய்க்கும் அது விஷம். பிரிட்டனில் 2022-லிருந்து அதைத் தோட்டத்தில் போடத் தடையே உண்டு. அயர்ன் பாஸ்பேட் குருணை அவ்வளவு ஆபத்தில்லை. பீரைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தால் நத்தை விழும் என்பார்கள். நான் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டைச் சர்க்கரைத் தண்ணீரில் கரைத்து வைக்கிறேன். அதற்கும் வந்து விழுகிறது. மான் வந்தால்தான் கஷ்டம். அதற்கு ஹோஸ்டா என்றால் நமக்கு முளைக்கீரை மாதிரி! அழுகிய முட்டை வாடை வீசும் தெளிப்பான் விற்கிறார்கள். மழைக்குப் பிறகு மறுபடி அடிக்க வேண்டும், மூக்கைப் பிடித்துக்கொண்டு.

அமெரிக்காவில் இருக்கும் சகோதரிகள் 1-800-222-1222 என்ற எண்ணைத் தொலைபேசி பக்கத்தில் எழுதி ஒட்டிவையுங்கள். குழந்தை எதையாவது தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தால், எந்நேரமும் இலவசமாக யோசனை சொல்லும் விஷ உதவி எண் அது. மூச்சுத் திணறலோ மயக்கமோ இருந்தால் யோசிக்காமல் 911.

இது எங்களுக்கு மூன்றாவது கோடை. மரத்தடியில் மண் தெரிவது பாதியாகக் குறைந்துவிட்டது. ஆகஸ்டில் 'பிளான்டாஜினியா' என்ற ஹோஸ்டா வகை சாயங்காலமாகப் பார்த்து வெள்ளைப் பூ விரிக்கும். கமகமவென்று வாசனை! தாவர நூல்காரர்கள் நம் நிலச்சம்பங்கியையும் இதையும் ஒரே துணைக்குடும்பத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள். பாட்டியிடம் அதிலும் ஒரு துண்டு கேட்டு வைத்திருக்கிறேன். வருகிற வசந்தத்தில் பிரித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.