சர்வர் ஒன்று, திரை இருபது: லேபுக்கு எது ஒத்துவரும்?

கல்லூரி லேபில் பத்து வருடம் ஓடிய இருபது கணினிகளை மாற்ற வேண்டிய நேரம் வருகிறது. ஒரு பெரிய சர்வரும் மேசைக்கு ஒரு தின் கிளையன்டும் வாங்கலாம் என்பார் ஒருவர். பழசை ஏன் கழிக்க வேண்டும், இருபதையும் கேபிள் போட்டு இணைத்துக் கிளஸ்டர் ஆக்கினால் இருபது மடங்கு வேகம் வருமே என்பார் இன்னொருவர். இரண்டாவது யோசனை கேட்க இனிக்கும். ஆனால் மாணவர்கள் உட்கார்ந்து வேலை பார்க்கும் லேபுக்கு அது பொருந்தாது.

தின் கிளையன்ட் என்பது சின்னப் பெட்டி. ஹார்ட் டிஸ்க் கிடையாது, பெரும்பாலும் ஃபேனும் கிடையாது. தட்டியதையும் மவுஸை நகர்த்தியதையும் சர்வருக்கு அனுப்பும். சர்வர் தரும் திரையைக் காட்டும். மற்ற வேலை எல்லாம் சர்வரின் தலையில்தான். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு 2019 வாக்கில் வந்த ஹைடெக் லேப் இந்த வகை. 6,029 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கான திட்டம் அது. உயர்நிலைக்கு 10 கணினி, மேல்நிலைக்கு 20.

மதுரைச் சமவெளியின் வெயிலுக்கும் புழுதிக்கும் இது நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். ஃபேன் இல்லாத பெட்டிக்குள் தூசி அவ்வளவாகப் போகாது. வைரஸ் வந்தாலும், புது மென்பொருள் போட வேண்டியிருந்தாலும், பார்க்க வேண்டியது ஒரே இடம். மின்கணக்கு இன்னும் தெளிவு. சாதாரணக் கணினி 80 வாட் என்று வைத்தால் இருபதுக்கு 1,600 வாட். தின் கிளையன்ட் 10 வாட் என்றால் இருபதுக்கு 200. சர்வருக்கு 400 சேர்த்தாலும் 600தான் (திரைகளின் செலவு இரண்டிலும் ஒன்றே). அதே யுபிஎஸ் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நேரம் தாங்கும். 2012-இல் நாள் முழுக்க விட்டு விட்டு மின்வெட்டைப் பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இடிப்பது வீடியோவில்தான். 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரை, புள்ளிக்கு 3 பைட், நொடிக்கு 25 படம் என்று பெருக்கினால் ஒரு திரைக்கே நொடிக்கு 1.2 கிகாபிட்டுக்கு மேல் வருகிறது. லேபில் இருக்கும் கிகாபிட் ஸ்விட்ச்சின் ஒரு போர்ட் அதைத் தாங்காது. ஆகவே சர்வர் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. இருபது பேர் ஒரே நேரத்தில் பாட வீடியோவைத் திறந்தால் இருபது பேருக்கும் சுருக்க வேண்டும். லேப் முழுக்க ஹேங் ஆவது அப்போதுதான். வீடியோவைத் தானே விரித்துக் காட்டும் தின் கிளையன்ட்களும் உண்டு. கொட்டேஷனில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

தின் கிளையன்ட் யோசனைக்கு மதுரைப் பக்கம் ஒரு முன்கதை உண்டு. 2001-இல் மேலூர் வட்டாரக் கிராமங்களில் சாரி என்ற திட்டம் இணைய மையங்களைத் திறந்தது. சென்னை ஐஐடியில் உருவான கார்டெக்ட் கம்பியில்லா இணைப்பு; மையத்துக்கு ஒரு முழுக் கணினி. அந்த ஐஐடிக் குழுவின் அசோக் ஜுன்ஜுன்வாலா பிறகு தொழில்முனைவோர் ராஜேஷ் ஜெயின், ரே ஸ்டாட்டா ஆகியோருடன் சேர்ந்து நொவாட்டியம் நிறுவனத்தைத் தொடங்கினார். ஹார்ட் டிஸ்க் இல்லாத நெட்பிசியை அது சந்தைக்குக் கொண்டுவந்தது. கணினியை வாங்குவதைவிடப் பராமரிப்பதுதான் பாடு என்பது அவர்கள் கணிப்பு. அது சரியாகவே இருந்தது. ஆனால் ஸ்மார்ட்போன் வந்து அந்தச் சந்தையை அள்ளிக்கொண்டு போய்விட்டது.

சரி, கிளஸ்டர்? 1994-இல் நாசாவில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 16 சாதாரண 486 கணினிகளை ஈதர்நெட்டில் இணைத்து பியோவுல்ஃப் என்று பெயரிட்டார்கள். ஒரு பெரிய கணக்கைத் துண்டு துண்டாக வெட்டி எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்க முடிந்தால் அது பறக்கும். வெட்ட முடியாத வேலைக்குப் பயனில்லை: பத்து தோசைக்கல் இருந்தாலும் ஒரு தோசை வேகும் நேரம் குறையாது. மாணவர் திறக்கும் பிரவுசரும் டேலியும் ஒரு கணினிக்குள்தான் ஓடும். பக்கத்துப் பெட்டியில் சும்மா கிடக்கும் ரேம் அவருக்கு வந்து சேராது.

இதை மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. ஓபன்மோசிக்ஸ் என்ற லினக்ஸ் திட்டம், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமையே சுமை குறைந்த கணினிக்கு நகர்த்தியது. நினைவகத்தைப் பகிர்ந்து ஓடும் புரோகிராம்களை, அதாவது ஆட்கள் அதிகம் திறப்பவற்றை, அதனால் நகர்த்த முடியவில்லை. 2008-இல் திட்டத்தை மூடினார்கள். பழைய இருபது கணினிகளுக்கு உருப்படியான வழி வேறு: டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, எல்டிஎஸ்பி என்ற இலவச லினக்ஸ் மென்பொருள் வழியாக நெட்வொர்க்கிலிருந்தே பூட் செய்தால் அவையே தின் கிளையன்ட் ஆகிவிடும். கரன்ட் செலவு மட்டும் குறையாது.

கிளஸ்டருக்கு உரிய இடம் ஆராய்ச்சி. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் கப்ரு கிளஸ்டர் 2004-இல் உலகின் முதல் 500 கணினிகளின் பட்டியலில் ஏறியது. திருச்சி என்ஐடியில் 2022 மே மாதம் தொடங்கிய பரம் பொருள், 838 டெராஃப்ளாப்ஸ் திறன் கொண்டது. இப்படிப்பட்ட இயந்திரத்தின் முன்னால் யாரும் உட்காருவதில்லை. அனுமதி பெற்ற ஆய்வாளர் எங்கிருந்தோ சாதாரண லேப்டாப்பில் நுழைந்து, வேலையை வரிசையில் போட்டுவிட்டுப் போகிறார். அவர் கையில் இருப்பது கிட்டத்தட்ட தின் கிளையன்ட்தான்.

ஆக இரண்டும் போட்டியே இல்லை. ஆள் எங்கே உட்காருகிறார் என்பதற்கு ஒன்று பதில். பின்னால் எத்தனை இயந்திரம் உழைக்கிறது என்பதற்கு மற்றொன்று. ரயில்வே முன்பதிவில் இரண்டும் சேர்ந்தே இருந்தன. கவுன்ட்டரில் நீண்ட காலம் எழுத்து மட்டும் தெரியும் டெர்மினல். பின்னணியில் சென்னை உள்ளிட்ட ஐந்து மையங்களில் ஓபன்விஎம்எஸ் என்ற இயங்குதளம் ஓடும் இயந்திரங்கள். கான்சர்ட் மென்பொருள் அந்த ஐந்தையும் 1999-க்குள் ஒன்றோடொன்று கோத்துவிட்டது. அந்த ஓபன்விஎம்எஸ்ஸின் பேர்பெற்ற வித்தையே கிளஸ்டர். அங்கே முக்கியம் வேகமல்ல, ஒன்று படுத்தால் இன்னொன்று ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது.

லேபுக்கும் வேண்டியது இந்த இரண்டாவது வகைக் கிளஸ்டர்தான். ஒரு மாணவருக்கு 2 ஜிபி ரேம் என்றால் இருபது பேருக்கு 40. அதற்காக ஒரே பெரிய சர்வர் வாங்குவதைவிட, 48 ஜிபியில் இரண்டு வாங்கிப் பாதிப் பாதிப் பேரை விட்டு, கோப்புகளைத் தனிச் சேமிப்பகத்தில் வைப்பது மேல். ஆட்டோகேடுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் மூன்று நான்கு முழுக் கணினிகளைத் தனியே ஒதுக்கிவிடலாம். பில்லில் கையெழுத்துப் போடும் முன், இருபது பேரையும் உள்ளே உட்கார வைத்து ஒரு சர்வரின் பிளக்கைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள். சேமிக்காத வேலை போகத்தான் செய்யும். எத்தனை நிமிடத்தில் எல்லோரும் மறுபடி லாகின் செய்கிறார்கள் என்று பாருங்கள்.