கிறிஸ்துமஸ் வான்கோழியும் வீட்டு அடுப்பும்

வான்கோழி வளர்ப்போர் டிசம்பர் மாதத்தில் பறவையை விற்கும்போது, "இதை முழுதாக எப்படிச் சமைப்பது?" என்ற கேள்வியையும் எதிர்கொள்ள நேரிடும். இறைச்சி நன்றாக அமைந்தால்தான் அந்தக் குடும்பம் அடுத்த ஆண்டும் வாங்கும். சரியாக வேகாத பறவையால் வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், பழி வளர்த்தவர் மீதும் விழும். எனவே இப்பறவை எந்த நாட்டு வழக்கத்திற்கு உரியதோ, அந்நாட்டினர் அதைச் சமைக்கும் முறையையும் அதிலுள்ள சிக்கலையும் பண்ணையாளர் அறிந்திருப்பது நல்லது.

வான்கோழியின் தாயகம் மெக்சிகோ. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டவர் மூலம் ஐரோப்பா சென்றது. நம் நாட்டிற்கு இது புதியதாக இருந்தபோது, 1612இல் கோவாவிலிருந்து ஜஹாங்கீர் அரசவைக்கு ஒரு பறவை கொண்டு செல்லப்பட்டது. அரசவை ஓவியர் மன்சூர் அதை ஓவியமாகத் தீட்டினார்.

இங்கிலாந்தில் நெடுங்காலம் கிறிஸ்துமஸ் உணவு என்றால் பெரும்பாலான எளிய குடும்பங்களில் வாத்து இனத்தைச் சேர்ந்த கூஸ் பறவைதான். வான்கோழி வசதி படைத்தோர் வீட்டுப் பண்டம். சார்லஸ் டிக்கன்ஸ் 1843இல் எழுதிய 'எ கிறிஸ்துமஸ் கேரல்' கதையில், ஏழைக் குமாஸ்தாவின் வீட்டிற்கு மனம் திருந்திய முதலாளி ஒரு பெரிய வான்கோழியை அனுப்பி வைப்பது இதனால்தான். 18ஆம் நூற்றாண்டில் நார்போக் மாவட்டத்திலிருந்து மந்தை மந்தையாக வான்கோழிகளை லண்டன் சந்தைக்கு நடத்தியே ஓட்டிச் சென்றனர். குளிர்பதன வசதி பெருகிய 20ஆம் நூற்றாண்டில்தான் இது அங்கு எல்லா வீட்டிற்கும் உரியதாயிற்று. அமெரிக்காவில் நவம்பர் மாத நான்காம் வியாழனன்று வரும் நன்றியறிதல் நாளில் வான்கோழியே முதன்மை உணவு. பல வீடுகளில் கிறிஸ்துமஸுக்கும் அதுவே.

இந்த விருந்தில் ரொட்டித்தூள், வெங்காயம், சேஜ் என்னும் வாசனை இலை சேர்த்த பூரணம், சுட்ட உருளைக்கிழங்கு, கிரான்பெரி என்னும் புளிப்புப் பழக்கூழ் ஆகியவையும் இடம்பெறும். முழுப் பறவையை மேசை நடுவில் வைத்துக் குடும்பப் பெரியவர் கத்தியால் அறுத்துப் பரிமாறுவார். என் கருத்தில், முழுப் பறவையைக் காட்டும் இந்த ஆசையே சமையல் சிக்கலுக்கு வேர்.

இரண்டு வகை இறைச்சி

வான்கோழியின் நெஞ்சுக்கறி வெண்மையானது. கொழுப்பும் நார்த்தசையும் குறைவு. 70 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டிச் செல்லச் செல்ல ஈரத்தை இழந்து வைக்கோலைப் போல் உலர்ந்துவிடும். நடந்து உழைக்கும் தொடைத்தசையோ கருமையானது. அதிலுள்ள இணைப்புத்தசை இளகிக் கூழாக 80 டிகிரிக்கு மேல் வேண்டும். ஒரே ஓவன் அடுப்பில் ஒரே நேரத்தில் இவ்விரண்டையும் பக்குவப்படுத்த வேண்டியுள்ளது. பறவை பெரிதாகப் பெரிதாக இத்தொல்லையும் கூடும்.

இன்று வணிகத்தில் பெருவழக்காக உள்ள அகன்ற மார்பு வெள்ளை இனத்தில் ஆண் பறவை 15 கிலோவுக்கு மேலும் வளரும். மார்பு பெருத்துவிட்டதால் இயற்கையாக இணைசேர முடியாமல், செயற்கை முறைக் கருவூட்டலால்தான் இனவிருத்தி நடைபெறுகின்றது. சிறு குடும்பத்திற்கும் சிறிய அடுப்பிற்கும் ஏற்ற பறவை வேண்டும் என்று 1930களில் அமெரிக்க வேளாண்மைத் துறையினர் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியதே 'பெல்ட்ஸ்வில் சிறிய வெள்ளை' இனம். பின்னர் அங்கு பெரிய பறவைகளே சந்தையைப் பிடித்தன. ஆனால் அந்தச் சிறிய வெள்ளையையும் நாட்டுக் கருப்பு வான்கோழியையும் கலந்து உருவானதே நம் நந்தனம் வான்கோழி-1. வீட்டு அடுப்பைப் பொறுத்தவரை சிறிய பறவையே சிறந்தது.

சமைக்கும் முறை

உறைய வைத்த பறவையாயின், அதைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தே இளக்க வேண்டும். இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் வீதம் ஆகும். ஆறு கிலோ பறவைக்கு மூன்று நாட்கள். அவசரமெனில் உறையுடன் குளிர்ந்த நீரில் மூழ்க வைத்து, அரை மணிக்கொரு முறை நீரை மாற்ற வேண்டும். அரைக் கிலோவுக்கு அரை மணி நேரம் பிடிக்கும். சமையலறை மேடையில் வெளியே வைத்து இளக்குவது தவறு. நடுப்பகுதி பனிக்கட்டியாக இருக்கும்போதே, மேற்புறம் நுண்ணுயிர்கள் பெருகும் வெப்பநிலைக்கு, அதாவது 4 முதல் 60 டிகிரிக்குள், வந்துவிடும்.

சுத்தம் செய்து உறையிலிட்டு விற்கும் பறவையை மீண்டும் குழாயடியில் கழுவ வேண்டியதில்லை. கிருமிகள் நீரில் தெறித்து, அருகில் உள்ள காய்கறியிலும் பாத்திரத்திலும் படிவதே மிச்சம்.

ஓவன் அடுப்பின் சூடு 163 டிகிரிக்குக் குறையக்கூடாது. பூரணம் அடைக்காத ஐந்தரை முதல் ஆறரைக் கிலோ பறவைக்கு மூன்று முதல் மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும். பூரணத்தை வயிற்றினுள் அடைப்பது பழைய வழக்கம். அது பறவையின் சாற்றை உறிஞ்சுவதாலும், நடுவில் இருப்பதால் கடைசியாகச் சூடேறுவதாலும், தனித்தட்டில் வேக வைப்பதே நல்லது.

வெந்துவிட்டதா என்பதை மேற்தோலின் பொன்னிறத்தைக் கொண்டோ வடியும் சாறு தெளிந்ததைக் கொண்டோ முடிவு செய்வோர் பலர். நெல்லைப் பல்லில் கடித்து ஈரம் பார்ப்பது போன்றதே இது. அனுபவசாலிக்குப் பெரும்பாலும் சரியாக வரும். தவறும்போது மூட்டை முழுவதும் பூஞ்சணம் பிடிக்கும். இறைச்சி வெப்பமானியின் முனையை எலும்பில் படாமல் தொடையின் உட்புறத்திலும் நெஞ்சின் தடித்த பகுதியிலும் செருகிப் பார்க்க வேண்டும். எல்லா இடங்களிலும் 74 டிகிரி காட்டினால் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் அழிந்துவிடும். அடுப்பிலிருந்து எடுத்து இருபது நிமிடம் ஆறவிட்டு அறுத்தால் சாறு வீணாகாது.

தொடைகளை முன்பே வெட்டித் தனியாக வேக வைத்தால், நெஞ்சுக்கறியை முன்னதாக எடுத்துவிடலாம். மேசையில் முழுப் பறவை இராது; ஆனால் இரண்டும் பக்குவமாக இருக்கும். ஓவன் இல்லாத வீட்டார் துண்டுகளாக்கிக் குழம்பாகக் கொதிக்க வைத்தால் 74 டிகிரி தானாகவே வந்துவிடும்.

மறுநாள் உணவு

விருந்துக்குப் பின்னரும் கவனம் தேவை. கிளாஸ்ட்ரிடியம் பெர்பிரிஞ்சன்ஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துக்கள் சமையல் சூட்டிலும் சாவதில்லை. பெரிய இறைச்சித் துண்டுகள் மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகும். அமெரிக்காவில் இதனால் ஏற்படும் வயிற்று நோய்கள் நவம்பர், டிசம்பர் மாதங்களில் மிகுதி. மிஞ்சிய இறைச்சியை எலும்பிலிருந்து பிரித்து, ஆழமில்லாத பாத்திரங்களில் பரப்பி, சமைத்த இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். மூன்று, நான்கு நாட்கள் வரை பயன்படுத்தலாம்.

பிரிட்டனில் மறுநாளான டிசம்பர் 26இல் மிஞ்சிய வான்கோழியைக் கொண்டு ரொட்டியிடைப் பண்டமும், மசாலாப் பொடி சேர்த்த 'டர்க்கி கறி'யும் செய்வது பல குடும்பங்களின் வழக்கம். குழம்பை வெதுவெதுப்பாக்கி நிறுத்திவிடாமல், தளதளவென்று கொதித்த பின்பே இறக்க வேண்டும்.