களிம்பு வேறு, அரிப்பு வேறு

கல்யாண வீட்டில் நாள் முழுக்கப் போட்டிருந்த கவரிங் சங்கிலியைக் கழற்றினால் கழுத்தைச் சுற்றிப் பச்சையாக ஒரு கோடு. "உனக்கு உடம்புச் சூடு அதிகம்டி, எதைப் போட்டாலும் கறுத்துப்போகுது" என்பார் அத்தை. அதை நம்பி, தம் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று வருடக்கணக்கில் மறுகும் பெண்கள் உண்டு. கோளாறு உடம்பில் இல்லை.

கவரிங் நகை என்பது செம்பு அல்லது பித்தளையின் மேல் பூசிய மெல்லிய தங்க முலாம். முலாம் தேய்ந்ததும் அடியிலுள்ள செம்பு வியர்வையோடு சேர்ந்து பச்சை உப்பாகிறது. பித்தளைக் குத்துவிளக்கில் நாம் புளி போட்டுத் தேய்க்கும் களிம்புக்கு இது நெருங்கிய உறவு. சோப்பு போட்டுக் கழுவினால் போய்விடும், தோலுக்குத் தீங்கில்லை. வெள்ளிக் கொலுசு விடும் கறுப்பு, வெள்ளி கந்தகத்தோடு சேர்வதால் வருவது. 22 காரட் நகையிலும் 91.6 சதவீதம்தான் தங்கம். மீதி செம்பு, வெள்ளி போன்றவை. ஆகவே நல்ல தங்கமும் சிலருக்குக் கறை விடலாம். கறையைப் பார்த்து நகைக்கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவுகட்ட முடியாது. கறை இல்லை என்பதற்காக நம்பிவிடவும் முடியாது.

பயப்பட வேண்டியது அரிப்புக்குத்தான். தோடு போட்ட காது சிவந்து, அரித்து, நீர் வடிந்தால் பெரும்பாலும் காரணம் நிக்கல். இந்த ஒவ்வாமை ஒருமுறை ஒட்டிக்கொண்டால் பொதுவாக ஆயுளுக்கும் விடாது. பிறகு ஜீன்ஸ் பொத்தானும் கைக்கடிகாரத்தின் பின்மூடியும்கூட அரிக்கும். காது குத்திய புண்ணில் நிக்கல் படுவதுதான் இது தொடங்கும் முக்கிய வழி. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம், தோலில் படும் பொருளின் ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக்கூடாது என்றும், துளையில் செருகுவதற்கு 0.2 தான் என்றும் வரம்பு வைத்திருக்கிறது. குழந்தைக்குக் காது குத்தும்போது அழகுக்காக மலிவான கவரிங் தோட்டை மாட்டாதீர்கள். அரிப்பு வந்தால் நகையைக் கழற்றிவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்; முதுகில் பட்டை ஒட்டிச் சோதித்து எந்த உலோகம் என்று சொல்வார். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பைத் தொடர்ந்து தடவுவது தோலை இன்னும் கெடுக்கும்.

தங்கத்தின் தரத்தில் சந்தேகமா? 2023 ஏப்ரல் 1 முதல் கடைகள் விற்கும் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க அடையாளக் குறி இருக்க வேண்டும். 'பிஐஎஸ் கேர்' செயலியில் அதைப் போட்டால் நகையின் விவரம் வரும். கட்டணம் கட்டி ஹால்மார்க் மையத்தில் நீங்களே சோதிக்கவும் செய்யலாம். முத்திரையில் உள்ளதைவிடத் தரம் குறைந்தால், எடைக்கேற்பக் கணக்கிட்ட குறைவுத் தொகையைப்போல் 2 மடங்கும் சோதனைக் கட்டணமும் உங்களுக்குச் சேர வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. குழந்தைகளின் தோடுகள் பலவும் அந்த எடைக்குள்தான் வரும். அவற்றுக்கு பில்தான் சாட்சி.

கவரிங் வாங்கும்போதும் பில் கேளுங்கள். "நிக்கல் இல்லைங்க" என்று வாயால் சொன்னால், அதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். சொன்னதற்கு மாறாக இருந்தால் அது முறையற்ற வணிகம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அங்கே தீராவிட்டால், பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் அதற்குக் கட்டணம் இல்லை.