அக்கா வாங்கிய மலைச் சைக்கிள்

“சைக்கிளா! இந்த வயதிலா?”

இப்படிக் கேட்டது நான் அல்ல, அத்தான். அக்காவுக்கு வயது 49. குன்னூரில் குடித்தனம். வீடு பள்ளத்தில், அவள் கணக்குப் பாடம் நடத்தும் பள்ளிக்கூடமோ மேட்டில். நடுவே தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய மண் பாதையில் 3 கிலோமீட்டர் தூரம், 200 மீட்டர் ஏற்றம். பஸ் வந்தால் வரும். தினமும் ஆட்டோ என்றால் சம்பளத்தில் பாதியை அதற்கே அழவேண்டும். ஸ்கூட்டர் என்றால் அக்காவுக்குப் பயம். முழங்கால் வலிக்கு வைத்தியம் பார்த்த டாக்டர், “காலை அசைக்காமல் வைத்திருக்காதீர்கள், ஆனால் பாரமும் கொடுக்காதீர்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்வது எப்படி என்று அவர் சொல்லவில்லை. அதை அக்காவே கண்டுபிடித்தாள்: மின்சார மலைச் சைக்கிள்!

இரண்டு வருஷமாகக் கட்டிவந்த சீட்டுப் பணம் அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. “ஏண்டி, நீ பத்திரிகைக்காரி ஆயிற்றே, கூட வாயேன். ஏமாந்துவிட்டால் உன் அத்தான் ஆயுசு முழுவதும் சொல்லிக் காட்டுவார்” என்றாள். ஆக, ஒரு சனிக்கிழமை கோயமுத்தூரில் கடை கடையாக ஏறி இறங்கினோம். உங்கள் வீட்டிலும் பிள்ளையோ, பெண்ணோ, யார் கண்டது, நீங்களேயோகூட, இந்த ஆசையைக் கிளப்பலாம். எனவே நாங்கள் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

மலைச் சைக்கிள் என்ற ஜாதி பிறந்தது அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்து டமால்பைஸ் மலைச் சரிவில், 1970-களில். வாலிபர்கள் சிலர் பழைய கனத்த சைக்கிள்களை மேலே கொண்டுபோய் மண் பாதையில் தலைதெறிக்க இறங்கி விளையாடியதன் பலன். மிதிப்பவருக்கு மோட்டாரும் கை கொடுக்கும் சைக்கிளை 1993-ல் ஜப்பானில் யமஹா கம்பெனியார் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பிற்பாடு இரண்டுக்கும் கல்யாணம் ஆயிற்று. அந்தக் குழந்தைதான் இன்று கடை வாசலில் நிற்கிறது.

முதல் கடையில் நிறுத்தியிருந்தது பார்க்க லட்சணமாகவே இருந்தது. பருத்த டயர், குலுக்கலைத் தாங்க முன்பக்கம் ஸ்பிரிங், வட்டத் தகடு வைத்த பிரேக்.

“ஒரு சார்ஜுக்கு 80 கிலோமீட்டர் போகுமுங்க அம்மா!” என்றார் கடைக்காரர்.

அக்கா பையிலிருந்து காகிதமும் பென்சிலும் எடுத்தாள். கணக்கு வாத்தியாரம்மாளிடம் எண்ணைச் சொன்னால் சும்மா விடுவாளா? பாட்டரியின் மேல் 36 வோல்ட், 7.8 ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தது. பெருக்கினால் சுமார் 280 வாட்-மணி. பாட்டரியில் இருக்கும் சரக்கு அவ்வளவுதான். பால்காரர் பாத்திரத்தில் எத்தனை லிட்டர் என்பது போல. பிறகு செலவுக் கணக்கு. அவள், சைக்கிள், புத்தகப் பை எல்லாம் சேர்ந்து 90 கிலோ. அதை 200 மீட்டர் உயர்த்தவேண்டும். 90-ஐ 9.8-ஆலும், 200-ஆலும் பெருக்கி 3600-ஆல் வகுத்தாள். 49 வாட்-மணி! மோட்டாரில் சூடாக வீணாவது, டயர் உராய்வு எல்லாவற்றையும் தாராளமாகச் சேர்த்தாலும் 75-க்கு மேல் போகாது. அதுவும் காலே அசைக்காமல் உட்கார்ந்திருந்தால்.

“மூன்று தடவை ஏறலாம். எனக்கு ஒரு தடவை போதும்” என்றாள்.

கடைக்காரர் சொன்ன 80 கிலோமீட்டர் சமதரையில், நீங்களும் நன்றாக மிதித்தால் கிடைக்கும் கணக்கு. ஆகவே தூரத்தைக் கேட்டு மயங்காதீர்கள். பாட்டரியின் மேல் எழுதியிருக்கும் இரண்டு எண்களைப் பெருக்கிப் பாருங்கள்.

இரண்டாவது கடையில் பிறநாட்டுச் சரக்கு. முன்னும் பின்னும் ஸ்பிரிங். விலையைக் கேட்டதும் அக்கா நாற்காலியைத் தேடினாள். அந்தப் பணத்துக்கு ஓடுகிற பழைய கார் ஒன்று வாங்கிவிடலாம். போதாக்குறைக்கு அதன் குறுக்குக் கம்பிக்கு இருபுறமும் காலைப் போட்டு நின்றால் அக்காவின் பாதம் தரையில் படவில்லை. அக்கா 5 அடிதான். சைக்கிளுக்கும் ரவிக்கையைப் போல அளவு உண்டு; ஆள் உயரத்துக்கு ஏற்ற சட்டம் இல்லையென்றால் அது எவ்வளவு உயர்ந்த ரகமானாலும் வேண்டாம்.

ஆனால் அங்கேதான் ஒரு முக்கியமான சங்கதியைக் கற்றுக்கொண்டோம். மோட்டார் எங்கே இருக்கிறது என்று பார்க்கவேண்டும். முதல் கடைச் சைக்கிளில் அது பின் சக்கரத்தின் நடுவே இருந்தது. இதில் மிதிகட்டை இருக்கும் இடத்தில். அதனால் என்ன என்கிறீர்களா? மிக்ஸியில் கெட்டியாகத் துவையலைப் போட்டுத் தண்ணீர் விடாமல் ஓட்டிப் பாருங்கள். சுற்ற முடியாமல் உறுமும், சூடேறும், கருகல் வாடை வரும். செங்குத்தான ஏற்றத்தில் சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது சக்கரத்து மோட்டாருக்கும் இதே கதிதான். மிதிகட்டை மோட்டாருக்கு அந்தக் கஷ்டம் குறைவு. அது சங்கிலி வழியாக வேலை செய்கிறது. நீங்கள் கியரை மாற்றினால் அதன் பாரமும் குறைகிறது. சக்கரம் மெதுவாகப் போனாலும் அது தன் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது கடையில் அப்படிப்பட்டதே ஒன்று, பின் ஸ்பிரிங் இல்லாமல், சிறிய சட்டத்தில் கிடைத்தது. விலை முதலாவதைப்போல் இரண்டு மடங்கு. எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோம் என்பதை உணர்ந்து அதற்குத் தக்கபடி அது உதவியது. முதலாவதோ மிதிகட்டை சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும். சுற்றினால் சட்டென்று பிடித்துத் தள்ளும். பழகும்வரை திடுக்கென்றிருக்கும்.

ஓட்டிப் பார்க்க ஒரு மேடு வேண்டும் என்று கேட்டோம். “மேம்பாலம் இருக்குதுங்களே!” என்றார் முதல் கடைக்காரர். அக்கா பார்த்த பார்வையில் அவர் இறங்கிவந்தார். முன்பணம் வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை குன்னூருக்கே வேனில் ஏற்றி அனுப்பினார். போட்டிக்கு மூன்றாவது கடைக்காரரும் தம்முடையதைப் பையனோடு அனுப்பிவைத்தார்.

இறக்கத்தில்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. முதல் சைக்கிளின் பிரேக் கம்பி இழுத்து வேலை செய்யும் ரகம். பாதி வழியில் அக்காவின் விரல்கள் மரத்துப் போய், ஒரு வளைவில் கல் மேட்டில் உரசித்தான் நின்றாள். மற்றதில் எண்ணெய் அழுத்தத்தால் பிடிக்கும் பிரேக். ஒரு விரல் போதும். மலைக்கு வாங்குகிறவர்கள் மோட்டாரைக்கூட அப்புறம் பாருங்கள். பிரேக்கை முதலில் பாருங்கள்.

ஏற்றத்தில் இரண்டும் நன்றாகவே வந்தன, கடைசி 150 மீட்டர் வரை. பள்ளிக்கூட வாசலுக்கு முன்னால் பாதை கூரை மாதிரி நிமிர்கிறது. மிதிகட்டை மோட்டார்ச் சைக்கிள் முனகாமல் ஏறிவிட்டது. முதலாவது உறுமிற்று, திணறிற்று, நின்றேவிட்டது. அக்கா இறங்கி, ஒரு பொத்தானை அழுத்தினாள். நடக்கும் வேகத்தில் சைக்கிள் தானாகவே நகர, அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

“சந்தேகம் என்ன? மூன்றாவது கடைதான்” என்றேன் நான்.

“150 மீட்டருக்காக இரண்டு மடங்கு பணமா? அதை நடந்துவிட்டுப் போகிறேன்.”

“பிள்ளைகள் பார்க்குமே?”

“பார்க்கட்டுமே!”

முதல் சைக்கிளையே வாங்கினாள். ஆனால் எண்ணெய் பிரேக்கை மாட்டித் தந்தால்தான் என்று பிடிவாதம் பிடித்தாள். பிரேக்கைப் பிடித்த கணமே மோட்டார் நிற்கும் விசையும் அதில் இருக்கிறதா என்று இரண்டு தடவை சோதித்தாள். எனக்கு இன்னமும் சம்மதமில்லை. தினமும் ஏறுகிற மோட்டார் எத்தனை நாள் தாங்குமோ என்ற கவலை போகவில்லை.

250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட இத்தகைய சைக்கிளுக்கு நம் நாட்டில் லைசென்ஸும் வேண்டாம், நம்பரும் வேண்டாம். அதற்கு மேல் வேகம் போகும்படி ரகசியமாகத் திருத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நடையைக் கட்டுங்கள். தலைக் கவசம் சட்டம் கேட்காவிட்டாலும் போடுங்கள். பாட்டரி கழற்றக்கூடியதாக இருக்கட்டும். கூடவே வந்த சார்ஜரில்தான் ஏற்றவேண்டும், படுத்துத் தூங்கும்போது அல்ல. கோடை விடுமுறையில் ஓட்டாமல் வைப்பதானால் பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். சில வருஷங்களில் அது தளர்ந்துபோகும். புதுப் பாட்டரி என்ன விலை, கிடைக்குமா என்பதை வாங்குமுன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

போன திங்கட்கிழமை அக்கா டெலிபோன் செய்தாள். முழங்கால் தேவலையாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தச் செங்குத்தின் அடியில் காத்திருந்து, பையை வாங்கிக்கொள்கிறார்களாம். “இன்னொரு வேடிக்கை கேள்” என்றாள். “காலையில் ஏறி உட்கார்ந்தால் கால் எட்டவில்லை. யாரோ சீட்டை இரண்டு அங்குலம் உயர்த்தி வைத்திருக்கிறார்கள்!”

வீட்டில் இருப்பது அவர்கள் இரண்டே பேர்தான்.