கண்ணுக்குள் நெளியும் நாய்ப்புழு

கண் சிவந்து உறுத்துகிறது. கண்ணாடியில் பார்த்தால், வெள்ளைவிழியை மூடிய மெல்லிய சவ்வுக்குக் கீழே வெண்ணிற நூல் ஒன்று நெளிகிறது. கேட்கவே உடல் கூசும் இந்த நோய் இலங்கைக் கண் வைத்தியர்களுக்குப் புதியதல்ல. ‘டைரோபிலேரியா ரெபன்ஸ்’ என்ற புழு மனிதரைத் தாக்குவது அதிகம் பதிவான நாடுகளில் நம் நாடும் ஒன்று. ஒட்டுண்ணியியல் பேராசிரியர் ஏ. எஸ். திசாநாயக்க 1960களிலேயே இதைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டார்.

இது நாயின் தோலுக்கடியில் வாழும் புழு. பெண்புழு 17 சென்டிமீற்றர் வரை நீளும். தடிப்போ ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. அது ஈனும் நுண்குஞ்சுகள் நாயின் இரத்தத்தில் மிதக்கும். அந்த இரத்தத்தைக் குடிக்கும் நுளம்பின் உடலில் அவை ஏறத்தாழ இரண்டு வாரம் வளர்ந்து, அடுத்த கடியின்போது தோலுக்குள் புகும். கடிபட்டது மனிதரென்றால் புழு வழிதவறிவிடும். பெரும்பாலும் ஒரேயொரு புழுதான் இருக்கும், அதுவும் இனப்பெருக்கம் செய்யாது. ஆனால் தோலுக்கடியில் அலைந்து முகத்திலோ இமையிலோ கட்டியாகத் தங்கும். சிலரில் கண்ணுக்கே வந்துவிடும். சிறுபிள்ளைகளிடமும் இது காணப்படுகிறது.

பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் இருப்பவர்கள் ‘எங்கள் வீட்டில் நாய் இல்லையே’ என்று கவலையற்று இருந்துவிட முடியாது. ஒழுங்கையில் படுத்திருக்கும் கட்டாக்காலி நாயைக் கடித்த நுளம்பு யன்னலால் உள்ளே வந்தால் போதும். அதேவேளை, நாயைத் தொடுவதாலோ தடவுவதாலோ இந்தப் புழு தொற்றாது. நாய்களை வெறுக்க இது காரணமாகாது.

சிகிச்சை எளிது. கண்ணை மரக்கச் செய்து, சவ்வில் சிறு கீறல் இட்டு, இடுக்கியால் புழுவை முழுதாக எடுத்துவிடுவார்கள். பொதுவாக அதற்குமேல் மருந்து வேண்டியதில்லை. எடுத்த புழுவை நுணுக்குக்காட்டியில் பார்த்தால், அதன் மேற்றோலில் நீளவாட்டில் ஓடும் வரம்புகள் தெரியும். இனத்தை அடையாளம் காண அவை உதவும்.

இதேபோல் நுளம்பால் பரவும் இன்னொரு புழுநோயான யானைக்கால் நோயை இலங்கை பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. அந்தப் புழு மனிதரில் குடியிருப்பதால், மனிதருக்கே மருந்து கொடுத்தது அதற்குக் கைகொடுத்தது. நாய்ப்புழுவோ நாயில் இருக்கிறது. ஆகவே வளர்ப்பு நாய்க்கு மிருக வைத்தியரின் ஆலோசனைப்படி மருந்து கொடுங்கள். வடிகானில் நீர் தேங்க விடாதீர்கள். பிள்ளைகளை நுளம்பு வலைக்குள் படுக்க வையுங்கள். கண்ணில் ஏதேனும் நெளிந்தால் கசக்காமல், கைவைத்தியம் பார்க்காமல், உடனே கண் வைத்தியரிடம் செல்லுங்கள்.