'ஒரு கட்டிங்தான் சார்!' - வேனில் ஏறுமுன் யோசியுங்கள்

டிசம்பர் 31 ராத்திரி திருத்தணிக்குப் போயிருக்கிறீர்களா? 365 படிகளுக்கும் பூஜை செய்து, திருப்புகழ் பாடிக்கொண்டே மலையேறுவார்கள் பக்தர்கள். புத்தாண்டை முருகன் சந்நிதியில் ஆரம்பிக்கிற திருப்படித் திருவிழா!

நீங்களும் குடும்பத்தோடு வாடகை வேனில் வந்து, தரிசனம் முடித்து இறங்குகிறீர்கள். பாட்டிக்கு முழங்கால் வலி, குழந்தைக்குத் தூக்கம். சீக்கிரம் வீடு போய்ச் சேர வேண்டும். டிரைவரிடமிருந்து லேசாக வாடை வருகிறது. "குளிருக்கு ஒரு கட்டிங்தான் சார், ஸ்டெடியா இருக்கேன்" என்கிறார்.

"சரி, மெதுவா ஓட்டுப்பா" என்று ஏறி உட்கார்ந்துவிடுவீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்!

ஸ்டெடியா, இல்லையா?

சட்டம் கேட்பது அதை இல்லை. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம், 185-வது பிரிவின்படி, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே குற்றம். தள்ளாடினாரா, நேராக நடந்தாரா என்பது பிரச்னையே இல்லை. இது மத்திய அரசின் சட்டம். எல்லையைத் தாண்டி ஆந்திராவின் நகரிக்குப் போனாலும் இதே அளவுதான்.

கட்டிங் என்பது 90 மில்லி. 60 கிலோ எடையுள்ள ஆண், வெறும் வயிற்றில் அவ்வளவு பிராந்தி குடித்தால், ரத்தத்தில் ஆல்கஹால் சுமார் 75 மில்லிகிராமைத் தொடலாம். குவார்ட்டர் என்றால் 150! கல்லீரல் ஒரு மணி நேரத்தில் சுமார் 15 மில்லிகிராமைத்தான் குறைக்கும். ஆக, ராத்திரி 11 மணிக்குக் குவார்ட்டர் குடித்தவர், காலை 7 மணிக்குக்கூட எல்லைக்கோட்டில்தான் நிற்கிறார். மோர், காபி, பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் இதை வேகப்படுத்தாது. "தூங்கி எழுந்துட்டேன், தெளிஞ்சுட்டேன்" என்பதை அப்படியே நம்பாதீர்கள்.

கஞ்சா போன்ற போதைப் பொருளுக்கு இப்படி மில்லிகிராம் கணக்கு இல்லை. வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் ஓட்டினாரா என்று பார்ப்பார்கள். வீட்டிலுள்ள மருந்துகளிலும் கவனம் தேவை. ஜலதோஷத்துக்கும் அரிப்புக்கும் போடுகிற ஏவில் போன்ற மாத்திரைகள், சில இருமல் சிரப்புகள் எல்லாம் தூக்கம் வரவழைப்பவை. அவற்றைப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள்.

மாட்டினால் என்ன ஆகும்?

2019-ல் திருத்திய சட்டப்படி, முதல் தடவை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. மறுபடியும் மாட்டினால் 2 வருடம் வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. லைசென்ஸும் போகும்.

"ஊத மாட்டேன்" என்று அடம்பிடித்தால் தப்பிக்கலாமா? முடியாது. சந்தேகம் இருந்தால் போலீஸ் கைது செய்யலாம். மறுத்ததே கோர்ட்டில் அவருக்கு எதிராக நிற்கும். அதேசமயம் குடித்து ஓட்டியதாகக் கைதானவருக்கும் ஓர் உரிமை உண்டு. 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும்; செய்யாவிட்டால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும்.

உயிர் போய்விட்டால் விஷயமே வேறு. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தால் 5 வருடம் வரை சிறை. அதைவிடக் கடுமையான பிரிவும் பாயலாம். மும்பை கார்ட்டர் ரோட்டில் 2006 நவம்பரில், நடைபாதையில் தூங்கிய 7 தொழிலாளர்கள் கார் ஏறி இறந்தார்கள். ஓட்டியவர் குடித்திருந்தார். அது வெறும் அஜாக்கிரதை இல்லை, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்று 2012-ல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது.

சாவி கொடுத்தவருக்கும் பங்கு உண்டு!

பலருக்கும் தெரியாத விஷயம் இது. 188-வது பிரிவின்படி, இந்தக் குற்றத்துக்குத் தூண்டுதலாகவோ உடந்தையாகவோ இருப்பவருக்கும் அதே தண்டனைதான்.  குடித்திருக்கிறார் என்று தெரிந்தே மச்சானிடம் கார் சாவியை நீட்டினாலோ, "பரவாயில்லை, எடு" என்று கிளப்பிவிட்டாலோ நீங்களும் சிக்கலாம். காருக்கு ஏற்பட்ட சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியும் கை விரித்துவிடும்.

என்ன செய்யலாம்?

வேன் பேசும்போதே, "குடித்திருந்தால் ஏற மாட்டோம், வேறு டிரைவர் அனுப்பணும்" என்று ஓனரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். டிரைவருக்கும் சாப்பாடு, காபி, தூங்க இடம் ஏற்பாடு செய்யுங்கள். திரும்பும்போது வாடை வந்தால் சண்டை போடாமல் சாவியை வாங்கிக்கொண்டு, ஓனருக்குப் போன் செய்யுங்கள். வண்டியை எடுத்தே தீருவேன் என்று முரண்டு பிடித்தால் 112-க்குச் சொல்லலாம். திருத்தணியில் ரயில் நிலையம் இருக்கிறது, பஸ்ஸும் இருக்கிறது. விடியும்வரை காத்திருந்தாலும் தப்பில்லை.

365 படி ஏறியவருக்கு, இன்னும் 4 மணி நேரம் உட்கார்ந்திருப்பதா பெரிய கஷ்டம்?